முப்பத்தொன்றாம் இதழின் கடைசிப் பக்கம்

இது 'சூளை'யின் முப்பத்திரண்டாவது இதழ். வழக்கம்போல நானே எழுதி, நானே கோடு போட்டு, நானே ஊசி நூல் கொண்டு தைத்துக்கொண்டிருக்கிறேன். படிப்பதற்கு இரண்டு வீடுகள் பாக்கி. ஆவணியிலும் புரட்டாசியிலும் இதழ் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வள்ளென்று விழுந்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

புதிதாக யாரும் படிக்க வரப்போவதில்லை. இருந்தாலும் சம்பிரதாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சபாபதி. கோலாலம்பூர் ஸ்டேஷனில் பார்சல் கிராணி, அதாவது குமாஸ்தா. வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் ஓர் அறையும் ஒரு மேசையும் உண்டு. 1930-ஆம் வருஷம் தை மாதம் இந்தக் கையெழுத்துப் பத்திரிகையை ஆரம்பித்தேன். செங்கல் சுட்ட இடத்தில் பிறந்த பத்திரிகைக்குச் 'சூளை' என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது. மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி, நாற்பது பக்கம். அது வீடு வீடாகப் போகும், ஒரு வீட்டில் மூன்று நாள் இருக்கும். படித்து முடித்தவர் உள்ளட்டையில் ஒட்டியிருக்கும் வரிசைப் பட்டியலில் தம் பெயருக்கு நேரே தேதி போட்டுக் கையெழுத்திட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். எல்லா வீடும் சுற்றிவிட்டுக் கடைசியில் என்னிடம் திரும்பும். பின்னால் நான்கு பக்கம் வெறுமையாக விட்டிருப்பேன். அது வாசகர்கள் ஆசிரியருக்குக் கருத்து எழுதும் இடம்.

இதற்கு மூன்று விதிகள் உண்டு. வரிசை தவறி யாரும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கருத்துப் பக்கத்தில் பிறர் எழுதியதைப் படிக்கக் கூடாது. பெண்களும் எழுதுகிறார்கள், அவர்கள் எழுத்தை நாலு பேர் மேய்வது மரியாதை இல்லை. விதிகளைச் சிவப்பு மையில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். சிவப்பு மை ஆபீசு மை. அந்த விஷயத்தில் எனக்கு விதி எதுவும் கிடையாது.

தொடங்கியபோது பதினான்கு வீடுகள் இருந்தன. பிறகு ரப்பர் விலை விழுந்தது, ரயில்வேயில் ஆள் குறைத்தார்கள், ஒவ்வொரு கப்பலிலும் எங்கள் வாசகர் ஒருவர் ஊருக்குப் போனார். சந்தா கேட்காத பத்திரிகைக்கே இந்தக் கதி.

பத்திரிகையில் எல்லோரும் முதலில் திருப்பிப் பார்ப்பது 'கண்டது கேட்டது தின்றது' என்ற என் பகுதியைத்தான். அந்த மாதம் புதிதாகப் பார்த்த படம், கேட்ட கிராமபோன் தட்டு, கையில் கிடைத்த புத்தகம், பாசாரில் வந்திறங்கிய பழம் என்று எல்லாவற்றையும் ஒரே அவியலாக எழுதுவேன். இந்த மாதமும் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

ஐப்பசி மழை தினம் மூன்று மணிக்கு வருகிறது. எங்கள் ரயில்களுக்கு அந்த நாணயம் கிடையாது. மழை விட்டதும் கச்சாங் பூத்தே விற்கிறவர் தலையில் தட்டோடு தெருவில் வருவார். அவித்த கடலை, காகிதச் சுருளில், கை சுடச் சுட. வாங்கினேன். பாதியை மேசையில் வைத்து மறந்துவிட்டேன், எறும்பு தின்றது. வாசு சலூனில் புது கிராமபோன் வந்திருக்கிறது. ஒரே தட்டுத்தான் வைத்திருக்கிறார். பாடுகிற அம்மாளுக்கு நல்ல குரல், ஆனால் கீறல் விழுந்த இடம் வந்ததும் கணவனைக் கூப்பிட்ட அடியையே பத்துத் தடவை கூப்பிடுகிறாள். பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆவணியில் ஒன்று பார்த்தேன், அதைத்தான் எழுத ஆசை. பேய் மாதம் என்று சீனர்கள் தெருவில் மேடை போட்டுக் கூத்து நடத்துகிறார்கள் அல்லவா. சாயங்காலம் டியூட்டி முடிந்து போனேன். கூட்டம் நின்றுகொண்டிருக்கிறது, முதல் வரிசையில் நாற்காலிகள் எல்லாம் காலி. அதிர்ஷ்டம் என்று போய் உட்கார்ந்தேன். ஒரு கிழவர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து எழுப்பினார். அந்த வரிசை செத்தவர்களுக்காம். அவர்கள் வந்து பார்ப்பார்களாம், உயிரோடு இருப்பவன் அதில் உட்காரக் கூடாதாம். பத்தொன்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நின்றபடி முழுக் கூத்தையும் பார்த்தேன். மேடையில் வாளைச் சுழற்றினவர்கள் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் ஆடினார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போதே மனசுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டு வாக்கியம் தாண்டியதும் யாருக்கு எழுதுகிறேன் என்பது உறைத்தது. நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரர் திட்டினார்.

எழுதினால் அவள்தான் படித்திருக்க வேண்டும். அவள் இல்லை. அதைச் சொல்லாமல் இந்த இதழை முடிக்க முடியாது என்று தெரிகிறது. சொல்லிவிடுகிறேன்.

சீதாலெட்சுமி எங்கள் ஸ்டேஷன் விளக்குக்காரர் தம்புசாமியின் தங்கை. சிக்னல் விளக்குகளைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, ஏற்றி வைப்பது அவர் வேலை. தங்கையைக் கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். வாத்தியார் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டார். காய்ச்சல் வரும் நாளெல்லாம் புருஷனுக்குப் பதிலாக அவள்தான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள் என்று கேள்வி. அதற்குச் சம்பளமும் இல்லை, பேரும் இல்லை. இருபத்துநாலு வயதில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தம்புசாமிக்கும் அவர் சம்சாரத்துக்கும் எழுத்து தெரியாது. ஆனாலும் ஆரம்பத்திலிருந்தே பட்டியலில் அவர் பெயர் உண்டு. நாலு பேர் வாங்கும்போது தாமும் வாங்க வேண்டும் என்ற ரோஷம். தங்கை வந்த பிறகுதான் அந்த வீட்டில் பத்திரிகையைத் திறந்தார்கள்.

போன வருஷம் ஆடி இதழில் டுரியான் பழத்தைப் பற்றி இரண்டு பக்கம் திட்டி எழுதியிருந்தேன். நாற்றம், முள், அதைத் தின்கிறவர்களின் முகபாவம், எல்லாம் விவரமாக. ஊரே சிரித்தது. இதழ் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் பழக்கமில்லாத கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'ஆசிரியர் டுரியானைத் தின்னாமலே எழுதியிருக்கிறார். வாசகர்களை ஏமாற்ற வேண்டாம். — சீ.'

உண்மை. நான் அதுவரை தின்றதே இல்லை. வாசனைக்கே தெருவைக் கடந்துவிடுவேன். மற்ற எந்த வீட்டிலும் ஒருவருக்கும் தோன்றாதது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த மாதம் அவளுக்காகவே கவனமாக எழுதினேன். அதற்கு அடுத்த மாதம் இன்னும் கவனமாக. தமிழ் பேசும் படம் வந்ததும் போய்ப் பார்த்து, 'பேசினார்கள், ஆனால் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை' என்று எழுதினேன். 'கேட்காத பேச்சுக்கு இத்தனை வர்ணனையா' என்று எழுதினாள். ஒரு மாதம் பாராட்டு, ஒரு மாதம் குட்டு. ஒருபோதும் மூன்று வரியைத் தாண்டியதில்லை. நான் மாதம் முழுக்க அந்த மூன்று வரிக்காகக் காத்திருந்தேன்.

அவளோடு நேரில் பேசியது எத்தனை தடவை என்றால், விரல் விட்டு எண்ணக்கூட வேண்டாம். வழியில் பார்த்தால் ஒதுங்கி நிற்பாள். நானும் தண்டவாளத்தைப் பார்த்தபடி போய்விடுவேன். விதவைப் பெண், அண்ணன் வீடு, எதிரே கல்யாணமாகாத கிராணி. எங்கள் குடியிருப்பில் ஒரு இருமலுக்குக்கூட நாலு வீட்டில் அர்த்தம் சொல்வார்கள்.

இந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் தம்புசாமிக்கு வேலை போனது. எல்லோரையும்போல அவருக்கும் இலவசக் கப்பல் சீட்டுக்குப் பெயர் எழுதினார்கள். குடும்பம் போனால் தங்கையும் போக வேண்டியதுதான். ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. புருஷன் வீட்டார் இருக்கிறார்கள், அவர்கள் அவளை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மூலையில் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள், சோறு போட்டதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். அவள் புருஷன் வேலை பார்த்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிராணி எனக்கு அறிமுகம். அங்கே வாத்தியார் கப்பலேறிவிட்டார், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். 'பாடம் நடத்தத் தெரிந்த பெண் இருந்தால் அனுப்புங்கள். சம்பளம் குறைவுதான், தங்க ஓர் அறை உண்டு. ஆவணிக்குள் வேண்டும்' என்றார். திரும்பி வரும் வழியில் கிள்ளான் பாசாரில் ஒரு மலாய்க்காரரிடம் டுரியான் வாங்கி, மூக்கைப் பிடிக்காமல், அங்கேயே குந்தித் தின்றேன். ஒரு சுளை தின்றுவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தவன் முழுப் பழத்தையும் தின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் தின்றதில்லை.

தம்புசாமியிடம் நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். என்னை அவர் பெரிய மனுஷனாக மதித்தார். நான் சொன்னால் மறுத்திருக்க மாட்டார். ஆனால் அவள் மனசு தெரியாமல் எப்படிச் சொல்வது. போக இஷ்டமா, இருக்க இஷ்டமா என்று அவளைத்தானே கேட்க வேண்டும். கேட்க எனக்கு இருந்த ஒரே இடம் பத்திரிகை. ஆகவே முப்பத்தொன்றாவது இதழில், டுரியானைத் தின்றுபார்த்து மன்னிப்புக் கேட்ட பத்திக்கும் மங்குஸ்தான் பத்திக்கும் நடுவே இப்படி எழுதினேன்: 'கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் பள்ளிக்கூடம் வாத்தியார் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. பாடம் நடத்திப் பழகிய பெண்ணாக இருந்தால் நல்லதாம். அறை உண்டு. போகச் சம்மதமுள்ளவர் ஆசிரியருக்கு எழுதினால் ஆக வேண்டியதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.' பாடம் நடத்திப் பழகிய பெண் எங்கள் வாசகர்களில் ஒருத்திதான். அவளுக்குப் புரியும் என்று எனக்குத் தெரியும்.

பட்டியலில் அப்போது நாலு பெயர். கிடங்குக் காவலர் நாகையா, தம்புசாமி, எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பக்கிரிசாமி, தந்தி ஆபீசு லியனார்ட். பிறகு நான். ஆடி மூன்றாம் தேதி நாகையா வீட்டில் கொடுத்தேன். என் கணக்குப்படி பன்னிரண்டு நாளில் பதில் என் கைக்கு வந்துவிடும். தம்புசாமி எப்படியும் ஆடி மாதத்தில் வீட்டைக் காலி செய்ய மாட்டார். ஆடியில் புதுச் சட்டிகூட வாங்காத மனுஷர், குடும்பத்தோடு கடல் தாண்டுவாரா. ஆவணி பிறந்து நல்ல நாள் பார்த்துத்தான் கிளம்புவார். அதை நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டியது ஒன்று இருப்பதாகவே தோன்றவில்லை.

ஆடி பத்தாம் தேதி, திங்கட்கிழமை காலை, பார்சல் கவுண்டரில் நல்ல கூட்டம். சீனர் ஒருவர் வாத்துக் கூடைகளோடு நிற்கிறார், அவருக்குப் பின்னால் நாலு பேர். பக்கத்து மேசையில் பெரிய கிளார்க். தந்தி கொண்டுவந்த லியனார்டும் அங்கேதான் நின்றான். கரி படிந்த முகத்தோடு பக்கிரிசாமி வந்தார். கக்கத்தில் துணி சுற்றிய 'சூளை'.

"கிராணி, ரெண்டு நிமிஷம் வெளிய வரீங்களா?" என்றார்.

"கூட்டத்தப் பாக்கலயா? என்ன விஷயம், இங்கயே சொல்லுங்க."

"இல்ல, புத்தகத்த ஒங்ககிட்டயே குடுத்துடலாம்னு..."

"என் முறை இல்லையே. ஒங்களுக்கு அப்புறம் லியனார்ட். இதோ நிக்கிறாரு."

"தெரியுங்க. கடைசிப் பக்கத்த மட்டும் ஒரு தடவ பாத்துட்டுக் குடுத்துடுங்க. நான் எழுத எடம் பாக்கப் போயி... கண்ணுல பட்டுருச்சு."

அவள் எழுதிவிட்டாள் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கையை நீட்டி வாங்கியிருந்தால் முடிந்தது விஷயம். ஆனால் லியனார்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் முன்னால்தான் வரிசை தவறி வாங்கினான் என்று அவனை நாலு பேர் முன்னால் கிழித்திருந்தேன். இப்போது நானே பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினால், ஆசிரியருக்கு அந்தக் கடைசிப் பக்கத்தில் அப்படி என்ன அவசரம் என்று பேச்சு வரும். யார் எழுதியது என்று வரும். ஆசையை மறைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கோபப்படுவது.

"கருத்துப் பக்கத்தப் படிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கேன். படிச்சிருக்கீங்க. வரிசை தவறக் கூடாதுன்னு போட்டிருக்கேன். தவறுறீங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டா போதாது பக்கிரிசாமி, விதியையும் படிக்கணும். என் முறை வரும்போது நான் பாத்துக்குறேன்."

பக்கிரிசாமி முப்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவர். 'சூளை'யை விரல் வைத்துத்தான் படிப்பார். வாத்துக்காரர் சிரித்தார், அவருக்குப் புரிந்து சிரித்தாரா தெரியாது. பெரிய கிளார்க்கும் சிரித்தார். பக்கிரிசாமி என்னைப் பார்த்துவிட்டு லியனார்டைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த மரியாதை அவருக்கு இருந்தது.

"சரிங்க" என்றார். "நாளைக்கு எனக்கு கெமாஸ் வண்டி. வர நாலு நாளாகும். காலைல லியனார்ட் வீட்டுல குடுத்துட்டுப் போறேன்."

அன்று முழுக்க உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். பதில் வந்துவிட்டது, நாலு நாளில் கைக்கு வரும், ஆடி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அது வேண்டாம் என்ற பதிலாக இருந்தால் பக்கிரிசாமி ஓடிவந்திருக்க மாட்டார் என்றும் ஒரு நினைப்பு. வேண்டாம் என்றிருந்தால் என் மானத்தைக் காக்கத்தான் ரகசியமாகக் கொடுக்க வந்தாரோ என்றும் ஒரு நினைப்பு. இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினேன். இப்போது யோசித்தால் அந்த மூன்று நாள்தான் என் ஆயுளில் நன்றாக இருந்த நாட்கள். எவ்வளவு அசட்டுத்தனமான ஆயுள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குத் தம்புசாமி ஒரு தகரப் பெட்டியைத் தோளிலிருந்து என் கவுண்டரில் இறக்கி வைத்தார். பின்னால் சம்சாரம், இரண்டு பிள்ளைகள், சற்றுத் தள்ளித் தங்கை.

"போர்ட் ஸ்வெட்டன்ஹாம், கிராணி. இன்னைக்குக் கப்பல்" என்றார்.

"ஆடியிலயா?" என்றேன்.

"கப்பலுக்கு ஏதுங்க ஆடி. சீட்டுல வியாழக்கிழமைன்னு அடிச்சுட்டான். போன வாரமே சொல்லிட்டாங்க. ஒங்ககிட்ட வந்து சொல்லிட்டுப் போகணும்னு பாத்தேன். வெறுங்கையோட என்னத்தச் சொல்றதுன்னு வரல."

பெட்டியை நிறுத்தேன். சீட்டு எழுதி ஒட்டினேன். கை தானாக வேலை செய்தது. வண்டிக்கு இன்னும் இருபது நிமிஷம். தம்புசாமி பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கக் குழாய்ப் பக்கம் போனார். அவள் இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"புத்தகம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. லியனார்ட்கிட்ட இருக்கு. என் முறை நாளைக்கு."

"நாளைக்குங்களா" என்றாள். சற்று நேரம் பெட்டியில் நான் ஒட்டிய சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பக்கிரிசாமி அண்ணன் ஒங்கள வந்து பாத்தாராமே. அதனால கேட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "வந்தாரு. முறை இல்லாம வாங்குறதில்லன்னு சொல்லிட்டேன்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் கோபப்படவில்லை. "சரிங்க" என்றாள். அதற்குள் தம்புசாமி வந்துவிட்டார்.

தந்தி ஆபீசு அதே பிளாட்பாரத்தில், என் கவுண்டரிலிருந்து நூறு அடி. லியனார்ட் பத்திரிகையை மேசை டிராயரில்தான் வைத்திருப்பான். இருபது நிமிஷம் இருந்தது. நடந்து போய், கொடு என்று கேட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, திரும்பி வர ஐந்து நிமிஷம் போதும். அதுகூட வேண்டாம். தம்புசாமியின் கையைப் பிடித்து, தங்கையை விட்டுவிட்டுப் போங்கள், கிள்ளானில் வேலை இருக்கிறது என்று சொன்னால் போதும். நான் கவுண்டரிலேயே நின்றேன். விதிக்காகவா? இல்லை. அந்தப் பக்கத்தில் 'வேண்டாம்' என்று இருந்துவிட்டால், அவள் முன்னாலேயே அதைப் படிக்க வேண்டும். அவள் கேட்டதும், கண் கலங்காமல் நின்றதும், வேண்டாம் என்பதால்தான் என்று எனக்கு நானே சாமர்த்தியமாக முடிவு கட்டிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்கு எப்போதும் ஒரு நியாயம் கைவசம் இருக்கும்.

வண்டி வந்தது, ஏறினார்கள், போனது. பிள்ளைகள் மட்டும் கை காட்டினார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சரியாக மாலை ஆறு மணிக்கு லியனார்ட் என் அறைக்கு வந்தான். தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஒரு மடிப்புக்கூட இல்லாமல் கொண்டுவந்தான். "இந்தத் தடவ ஒரு நிமிஷம்கூட லேட் இல்லலா" என்றான். அவன் போகட்டும் என்றுகூடக் காத்திராமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மூன்று கையெழுத்துகள் இருந்தன.

முதலாவது அவளுடையது. 'கிள்ளான் செய்தி படித்தேன். போகச் சம்மதம். எங்களுக்கு வரும் வியாழக்கிழமை கப்பல். அண்ணன் நீங்கள் சொன்னால் கேட்பார், நான் சொன்னால் கேட்க மாட்டார். அதற்குள் வந்து சொல்ல வேண்டும். இந்தத் தடவை டுரியானை உண்மையிலேயே தின்றிருக்கிறீர்கள், தெரிகிறது. — சீ.' நாலு வரிக்கு மேல் இருந்தது. முதல் தடவையாக.

அதன் கீழே கோணல் கோணலாகப் பென்சில் எழுத்து. 'கிராணி அய்யாவுக்கு. இதை காட்ட தான் வந்தேன். முறை வரட்டும் என்று சொல்லி விட்டீர்கள். — பக்கிரிசாமி.'

அதற்கும் கீழே லியனார்டின் அழகான கையெழுத்து. 'மங்குஸ்தானின் அடியில் உள்ள இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தெரியும். ஆசிரியர் இதைக் குறிப்பிட மறந்துவிட்டார்.'

"மேல எழுதியிருக்கிறத நீ படிக்கலயா?" என்று கேட்டேன்.

"நீங்கதானே படிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. கை வச்சு மறைச்சுக்கிட்டுத்தான் எழுதினேன்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை வாங்கிப் படித்தான். நான் எழுதிய விதிகளை எழுத்துக்கு எழுத்து மதித்த ஒரே வாசகன் அவன். அவனை என்ன சொல்லித் திட்டுவது. கப்பல் பினாங்கில் நிற்குமே, தந்தி அடிக்கலாமா என்று கேட்டேன். நாலு மணிக்கே பினாங்கை விட்டிருக்கும் என்றான். ஆனாலும் ஓடிப்போய் அடித்துக் கேட்டான். விட்டிருந்தது.

ஊர் முகவரிக்கு மூன்று கடிதம் எழுதினேன். தம்புசாமி பெயருக்குத்தான் எழுத முடியும். அதை அவருக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டக்கூடியவள் அவர் வீட்டில் இப்போது இல்லை போலும், புருஷன் வீட்டில் விட்டிருப்பார்கள். பதில் இல்லை. புரட்டாசியில் கிள்ளான் தோட்டத்தில் பாதி ஆட்களை நிறுத்தினார்கள். பிள்ளைகள் இல்லை என்று பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். பெரிய கிராணி அதை எழுதி அனுப்பியபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவள் இருந்திருந்தாலும் இரண்டு மாதம்தான் என்று. அந்த ஆறுதலுக்காக என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

பக்கிரிசாமி இப்போது பத்திரிகை வாங்குவதில்லை. ஸ்டேஷனில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "என்னாங்க பண்றது, நான் கூட்டத்துல வந்து கேட்டிருக்கக் கூடாது" என்று தம்மேல் போட்டுக்கொண்டார். அதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இந்த இதழ் தைத்தாகிவிட்டது. காலி நாற்காலிகளைப் பற்றி எழுதிவிட்டேன், கடலையைப் பற்றி எழுதிவிட்டேன். நாகையாவுக்கு மூன்று நாள், லியனார்டுக்கு மூன்று நாள். விதிப் பக்கத்தை இந்தத் தடவை ஒட்டவில்லை.

பழைய இதழ் மேசையில்தான் கிடக்கிறது. ஒவ்வொரு இதழும் சுற்றி வந்ததும், பட்டியலின் கடைசியில் நான் கையெழுத்திட்ட பிறகே அலமாரிக்குப் போகும். முப்பத்தொன்றில் மட்டும் என் பெயருக்கு நேரே இடம் மூன்று மாதமாக வெறுமையாக இருந்தது. இன்றைக்கு எடுத்து, லியனார்ட் கொண்டுவந்த அந்த வெள்ளிக்கிழமையின் தேதியை, 29-7-32 என்று போட்டேன். 'முறைப்படி கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.